பெரியப்பாவும் பேஜ்மேக்கரும்

குடும்பத்துல ஒருத்தன் பொட்டி தட்டுற வேலைக்குப் போயிட்டா, சொந்தபந்தத்துல யார் வீட்டு பிரிண்டர் மக்கர் பண்ணினாலும், யாருக்கு வாட்ஸப்ல படம் இறங்கலைன்னாலும் அவன்தான் டாக்டர். மென்பொருள் எழுதுறவனுக்கும் பிரிண்டருக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்டா, "இதுக்கா அம்புட்டு செலவு பண்ணி இஞ்சினியருக்குப் படிக்க வெச்சோம்"னு பதில் வரும். அப்படித்தான் சாத்தூர்ல இருந்து பெரியம்மா கூப்பிட்டாங்க.

"ஏய்யா, உங்க பெரியப்பா புஸ்தகம் இந்த டப்பாக்குள்ளதான் இருக்குன்னு டிடிபிக்கார அண்ணாச்சி கொண்டாந்து வெச்சிட்டுப் போயிட்டாரு. கடையை மூடிட்டாராம். எடுத்துக் குடுப்பியா?"

டப்பான்னு அவங்க சொன்னது 1999-ம் வருஷத்து சிபியூ ஒண்ணு. மஞ்சளாப் பழுத்துப் போய், உள்ள பல்லி முட்டையோட. கூட ரெண்டு சிடி, ஒரு ரப்பர் பேண்ட் போட்ட காகிதக் கட்டு.

பெரியப்பா தமிழ் வாத்தியார். 1996-ல இருந்து ஒரு அஞ்சு வருஷம், சனி ஞாயிறு ஆனா டிவிஎஸ் 50-ல டேப் ரெக்கார்டரைக் கட்டிக்கிட்டு கிளம்பிடுவார். இருக்கன்குடி பக்கம், வைப்பாத்தங்கரை ஊர்கள், அப்படியே எட்டயபுரம் வரைக்கும். வயசான பொம்பளைங்களைத் தேடிப் போய் தாலாட்டும் ஒப்பாரியும் பாடச் சொல்லி பதிவு பண்ணுவார். யாரும் காசு குடுத்து அனுப்பலை, பட்டத்துக்கான ஆராய்ச்சியும் இல்லை. சும்மா ஆசை.

தாலாட்டு சுலபமாம். பாட்டிங்க முதல்ல வெக்கப்படுவாங்க, அப்புறம் பேரப்பிள்ளை எதையாவது மடியில போட்டுக்கிட்டு பாடிடுவாங்க. ஒப்பாரிதான் வம்பு. சாவு விழாத வீட்டுல ஒப்பாரி பாடக்கூடாது, வீட்டுக்கு ஆகாது. மருமகள்கள் விட மாட்டாங்க. அதனால ஊருக்கு வெளிய களத்துமேட்டுக்கோ, கம்மாக்கரை மரத்தடிக்கோ கூட்டிட்டுப் போய் பாட வைப்பார். ரெண்டு வரி பாடுற வரைக்கும் சிரிச்சிக்கிட்டுதான் இருப்பாங்களாம். மூணாவது வரியில செத்துப்போன புருஷனோ ஆத்தாளோ ஞாபகத்துக்கு வந்துடும். அப்புறம் டேப் ஓடுறதே அவங்களுக்குத் தெரியாது. பெரியப்பாவும் நிறுத்த மாட்டார். "அழுது முடிக்கட்டும்னு உக்காந்திருப்பேன், பாதியில எந்திரிச்சு வர்றது மரியாதையில்லை"ன்னு சொல்வாராம்.

இதுல என்ன சிக்கல்னா, கேசட்டுக்குக் காசு வேணும். வாத்தியார் சம்பளம், ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. அதனால பாட்டை நோட்டுல எழுதி முடிச்சதும் அதே கேசட்டுல அடுத்த ஊர்ப் பாட்டைப் பதிஞ்சிடுவார். கடைசியா மிஞ்சினது நாலு கேசட். நோட்டெல்லாம் டிடிபி முடிஞ்சதும் பரண்மேல போச்சு, மிச்சத்தைக் கரையான் பாத்துக்கிச்சு. ஆக, 140 சொச்சம் பாட்டு, பாடினவங்க பேரு, ஊரு, வயசு எல்லாம் சேர்த்து 212 பக்கம். அது அந்த மஞ்சள் டப்பாவுக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு. அச்சுக்குக் காசு தேறுறதுக்குள்ள பெரியப்பா 2009-ல போயிட்டார். பாடினவங்க வயசு 1998-லயே எழுபது, எழுபத்தஞ்சு, எண்பத்தி ஒண்ணு. திரும்பப் போய்க் கேட்க ஆளில்லை.

காகிதக் கட்டுல இருந்தது முதல் புரூஃப், அறுபது பக்கம் மட்டும். பெரியப்பா கையால சிவப்பு மையில திருத்தினது. இந்த அறுபது பக்கம் இல்லைன்னா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். ஏன்னு வர்றேன்.

மொதல்ல வன்வட்டு. அந்தக் காலத்து ஐடிஈ வகை, 40 ஊசி வெச்ச பட்டை கேபிள். இப்ப வர்ற மடிக்கணினியில சொருக இடமே கிடையாது. ஐடிஈ-யை யுஎஸ்பி ஆக்குற கேபிள் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன். வாங்குறவங்க கவனிங்க, மூன்றரை அங்குல வட்டுக்கு 12 வோல்ட் மின்சாரம் தனியாக் குடுக்கணும். அடாப்டர் சேர்த்து வர்ற கேபிளா பாத்து வாங்குங்க. யுஎஸ்பி குடுக்குற 5 வோல்ட்ல அது சுத்தாது.

ரொம்ப வருஷம் கழிச்சு சுத்தப்போற வட்டு, எந்த நிமிஷமும் மண்டையைப் போடலாம். அதனால உள்ள போய் ஒவ்வொரு கோப்பா மேயறது கூடாது. டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவச நிரல் இருக்கு. முழு வட்டையும் ஒரே பிம்பமா நகல் எடுக்கும். படிக்க முடியாத இடம் வந்தா அதுல நின்னு முட்டிக்கிட்டு இருக்காம தாண்டிப் போய், நல்ல பகுதியை எல்லாம் எடுத்துட்டு அப்புறம் திரும்பி வந்து கெட்ட இடத்தைச் சுரண்டும். ராத்திரி பூரா ஓடுச்சு. காலையில பாத்தா நாலஞ்சு கிலோபைட் தவிர எல்லாம் வந்துடுச்சு. அதுக்கப்புறம் அந்த வட்டைத் தொடவே இல்லை, பெரியம்மா வீட்டு பீரோவுல நகைக்குப் பக்கத்துல இருக்கு. (அவங்க வெச்ச இடம். நான் சொல்லலை.)

கோப்பு கிடைச்சிடுச்சு. பேஜ்மேக்கர் 6.5 கோப்பு. வெற்றி, வெற்றின்னு கத்தலாமா? இனிமேதான் ஆரம்பமே.

லிப்ரே ஆபீஸ் 2015-ல வந்த 4.4 பதிப்புல இருந்து பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். திறந்துச்சு. பக்கம் இருந்தது, கோடு இருந்தது, கட்டம் இருந்தது. எழுத்து மட்டும் ஆங்கில எழுத்தும், மேல கொம்பு வெச்ச ஐரோப்பிய எழுத்தும், பவுண்டு குறியும், கேள்விக்குறியுமா ஒரே கந்தரகோளம். அதைக் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. கோப்புக்குள்ள இருந்ததே அதுதான்.

பழைய ஆளுங்களுக்கு இது தெரிஞ்ச கதை. புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன். பொட்டிக்குள்ள எழுத்துன்னு ஒண்ணு கிடையாது, எண்தான். எந்த எண்ணுக்கு எந்த எழுத்துங்கிறது ஒரு ஒப்பந்தம். அப்ப மொத்தம் 256 இருக்கை, அதுல பாதியில ஆங்கிலம் உக்காந்திருந்துச்சு. தமிழ் எழுத்துரு செய்தவங்க ஆளாளுக்கு தங்களுக்குத் தோணின இருக்கையில தமிழை உக்கார வெச்சாங்க. பாமினியில அடிச்ச 'தமிழ்'ங்கிற சொல்லை பாமினி இல்லாத பொட்டியில திறந்தா ஆங்கில ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான் தமிழ்! இணையத்துல இருந்தவங்க திஸ்கின்னு ஒண்ணை உருவாக்கினாங்க. சென்னையில 1999-ல நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்கு அப்புறம் தமிழக அரசு டாம், டாப்னு ரெண்டை அறிவிச்சது. யூனிகோடுல 1991-லயே தமிழுக்கு இடம் ஒதுக்கியாச்சு. ஆனா விண்டோஸ்ல அது வந்து சேர விண்டோஸ் 2000 வரைக்கும் ஆச்சு. அரசு யூனிகோடுக்கு மாறினது 2010-ல. இந்த இடைவெளியில தட்டச்சு ஆன தமிழ் எவ்வளவுன்னு யோசிச்சுப் பாருங்க. கல்யாணப் பத்திரிகையில ஆரம்பிச்சு பிஎச்டி ஆய்வேடு வரைக்கும்.

நாளிதழ் தளங்களோட பழைய பக்கங்களை இணைய ஆவணக் காப்பகத்துல தேடிப் பாருங்க. நிறையப் பக்கம் பத்திரமா இருக்கு, ஆனா படிக்க முடியாது. அப்ப தளத்தோட சேர்ந்து இறங்குற இயங்கு எழுத்துருவைப் பெரும்பாலும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்லதான் பாக்க முடியும். அந்த உலாவிக்கே 2022 ஜூன்ல மங்களம் பாடியாச்சு. அப்படிப்பட்ட பக்கங்களை ஓடுற ஓட்டத்துலயே யூனிகோடா மாத்திக் காட்ட ஃபயர்பாக்ஸ்ல நீட்சிகள் இருந்துச்சு. ஆனா 2017 நவம்பர்ல வந்த ஃபயர்பாக்ஸ் 57, பழைய பாணி நீட்சிகளை மொத்தமா நிறுத்திடுச்சு. ஆக, பழசைக் காப்பாத்த வந்ததே பழசாப் போச்சு. சுரதாவோட பொங்குதமிழ் மாற்றி மாதிரி ஒத்தைப் பக்கத்துல ஜாவாஸ்க்ரிப்ட்ல எழுதினதுக்கு ஆயுசு கெட்டி. பக்கத்தைச் சேமிச்சு வெச்சுக்கிட்டா எந்த உலாவியிலயும் ஓடும். எனக்கு இதுல ஒரு தொழில் பாடம் இருக்கு, ஆனா ஆபீஸ்ல சொன்னா அடிக்க வருவாங்க.

பெரியப்பா கோப்பு இது எதுலயும் சேராது. அண்ணாச்சி வெச்சிருந்த தமிழ் மென்பொருள் தனிக்கட்டை. குறியேற்றம் சொந்தச் சரக்கு, எந்த மாற்றியோட பட்டியல்லயும் இல்லை. செஞ்ச கம்பெனியும் இப்ப இல்லை. அதுக்கு ஒரு 'லாக்' வேற. தீப்பெட்டி அளவுல ஒரு கட்டி, பிரிண்டர் சொருகுற 25 துளை போர்ட்டுல சொருகணும், அப்பத்தான் தமிழ் அடிக்கும். அந்த போர்ட் இருக்குற பொட்டியை இன்னிக்கு எங்க போய்த் தேடுறது? நல்லவேளை, பூட்டு விசைப்பலகைக்குத்தான், எழுத்துரு சாதாரண ட்ரூடைப். அடிக்க முடியாதே தவிர பாக்கலாம், அச்சடிக்கலாம்.

அண்ணாச்சிகிட்ட பேஜ்மேக்கர் ஒரிஜினல் சிடி, பெட்டியோட, சீரியல் எண்ணோட இருந்துச்சு. (சாத்தூர்ல ஒரிஜினலா? ரெய்டு வரும்னு யாரோ பயமுறுத்தி இருக்காங்க.) மெய்நிகர் கணினி ஒண்ணு உருவாக்கி, எக்ஸ்பி போட்டு, பேஜ்மேக்கர் போட்டு, வட்டுப் பிம்பத்துல இருந்த எழுத்துருவைத் தூக்கிப் போட்டேன். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோட ஆதரவு முடிஞ்சாச்சு, அதனால அந்த மெய்நிகர் பொட்டிக்கு வலை இணைப்பைத் துண்டிச்சுதான் வெச்சிருக்கேன். கோப்பைத் திறந்தா... மக்களே, பக்கம் பக்கமா தமிழ்! தலைப்புப் பக்கத்துல பெரியப்பா பேரு.

இத்தோட நிறுத்தி பிடிஎஃப் எடுத்துக் குடுத்திருக்கலாம். எடுத்தும் குடுத்தேன். பெரியம்மாவுக்கு அது போதும். ஆனா அந்த பிடிஎஃப்ல தேட முடியாது, ஒரு வரியை வெட்டி ஒட்டினா மறுபடி ஜே, கே, பி, ஓதான். அது தமிழ்ப் படம், தமிழ் இல்லை. நாளைக்கு ஒரு ஆராய்ச்சி மாணவி 'தொட்டில்'னு தேடினா இதுல ஒண்ணுகூட வராது. அதனால யூனிகோடாத்தான் மாத்தணும்னு முடிவு பண்ணினேன்.

புரூஃப் கட்டு இங்கதான் உதவுச்சு. இந்தப் பக்கம் கோப்புல இருக்குற எண்கள், அந்தப் பக்கம் காகிதத்துல இருக்குற எழுத்து. எழுத்துருவைத் திறந்து ஒவ்வொரு இருக்கையிலயும் எந்த உருவம் இருக்குன்னு பட்டியல் போட்டு, புரூஃபோட ஒத்துப் பாத்து, 170 சொச்சம் உருவத்துக்கு அட்டவணை தயாராச்சு. பைத்தான்ல ஒரு சின்ன நிரல். பழைய எழுத்துரு கண்ணுக்குத் தெரியுற வரிசையில வெச்சிருக்கும், அதாவது கொம்பு முதல்ல, எழுத்து அப்புறம். யூனிகோடுல எழுத்து முதல்ல, கொம்பு அப்புறம். அதைத் திருப்பிப் போடணும். இது வரைக்கும் எந்த மாற்றியிலயும் உள்ள வேலைதான்.

அடுத்ததுதான் விஷயம். 'ஔ'காரத்துக்கு வலப்பக்கம் வர்ற குறியும் 'ள' எழுத்தும் அந்த எழுத்துருவுல ஒரே உருவம். கொம்பு, வ, ள-ன்னு வந்தா அது 'வௌ'வா, 'வெள'வா? அவசரப்படுற மாற்றிகள் எல்லாத்தையும் 'வௌ' ஆக்கிடும். 'வௌியீடு', 'வௌ்ளி'ன்னு இணையத்துல பாத்திருப்பீங்களே, அதெல்லாம் இந்தக் கூத்துதான். இதுக்கு வழக்கமான வைத்தியம், அடுத்து புள்ளியோ கொக்கியோ வந்தா அது 'ள', இல்லைன்னா 'ஔ'காரம். வெள்ளியும் வெளியும் தப்பிச்சிடும். புஸ்தகத் தமிழுக்கு இது போதும்.

பாட்டிங்க தமிழுக்குப் போதலை. அவங்க 'விளக்கு'ன்னா பாடுவாங்க? 'வெளக்கு'. 'விளைஞ்ச' இல்லை, 'வெளஞ்ச'. கொம்பு, வ, ள, அடுத்து புள்ளியும் இல்லை கொக்கியும் இல்லை. தாலாட்டு முழுக்க 'வௌக்கு' ஏத்தி, 'வௌஞ்ச' கதிர் அறுத்துக்கிட்டு இருந்தாங்க. சரின்னு விதியையே தலைகீழா ஆக்கினேன். எப்பவும் 'ள'தான், நிஜமான ஔகாரம் வர்ற சொல்லுக்கு மட்டும் தனிப் பட்டியல். வௌவால், கௌதாரி, மௌனம், பௌர்ணமி, சௌந்தரம், கௌரி. 212 பக்கத்துக்கும் ஒரு கை விரல், மறு கை விரல் கணக்குல முடிஞ்சிடுச்சு. தமிழுக்கு ஔகாரம் எவ்வளவு கொஞ்சமா தேவைப்படுதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

அப்புறம் இந்த 'ர்' சமாச்சாரம். தட்டச்சு பண்ணின பொண்ணு சில இடத்துல 'ர'வுக்குப் புள்ளி வெச்சிருக்கு, சில இடத்துல துணைக்காலுக்கு மேல புள்ளி வெச்சிருக்கு. காகிதத்துல ரெண்டும் ஒண்ணுதான். யூனிகோடுல 'அவர்' வேற, 'அவா்' வேற, தேடினா ஒண்ணுக்கொண்ணு சிக்காது. இதை மாத்துறது சுலபம், துணைக்காலுக்கு மேல புள்ளி தமிழ்ல கிடையவே கிடையாது.

என்னை ரெண்டு வாரம் அலைய விட்டது 'ஐ'. எழுத்துரு செஞ்ச மகராசன் 'ஐ'யை 173-ம் இருக்கையில வெச்சிருந்தார். பொதுவான ஒப்பந்தத்துல 173 எழுத்தே இல்லை, "வரி முடியுற இடத்துல தேவைப்பட்டா இங்க சொல்லை உடைச்சுக்கோ"ங்கிற கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடு. பேஜ்மேக்கர்ல இருந்து ஆர்டிஎஃப்பா வெளிய எடுக்கும்போது 'ஐ' எல்லாம் அந்தக் குறியா மாறி, அடுத்த படியில ஆவியாப் போச்சு. பிழை மாதிரியும் தெரியலை. ஏன்னா ஒப்பாரியில அப்பனை 'ஐயா'ன்னு கூப்பிட்டு அழுவாங்க. 'ஐ' போனா மிச்சம் 'யா'. எங்க பக்கம் 'வாய்யா', 'சொல்லுய்யா'ன்னு பேசுறவங்க கண்ணுக்கு அது இயல்பாவே இருக்கும். புரூஃப்ல ஒரு இடத்துல பெரியப்பா 'ஐயா'வைச் சுத்தி வட்டம் போட்டு, "நீட்டிப் பாடுகிறார்"னு சிவப்பு மையில எழுதி வெச்சிருந்தார். அந்த வட்டத்தைத் திரையில தேடினப்பதான் ஐயாவைக் காணோம்னே தெரிஞ்சது. எண்ணிப் பாத்தா முந்நூத்துச் சொச்சம் ஐயா போயிருந்தாங்க. எல்லாரையும் திரும்பக் கூட்டிட்டு வந்தாச்சு.

நிரல் முடிஞ்சதும் மனுஷ வேலை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பெரியம்மாவுக்கு போன் போட்டுப் படிச்சுக் காட்டுவேன். அவங்க பெரியப்பாகூட பாதி ஊருக்குப் போனவங்க, பல பாட்டு ராகத்தோட தெரியும். 'பிச்சைப்பூ'ன்னு நான் படிச்சதும் சிரிச்சிட்டாங்க. "பிச்சிப்பூய்யா! பிச்சைக்கு எவன் பூப் போடுவான்?" எனக்கு மல்லிகைக்கும் பிச்சிக்கும் வித்தியாசமே தெரியாது, நிரலுக்கு எங்க தெரியப்போகுது. சந்தேகம் வர்ற வரியை அவங்க வாய்க்குள்ளயே பாடிப் பாத்துட்டுச் சொல்வாங்க. தாலாட்டுக்கு மட்டும்தான் அப்படி. ஒப்பாரின்னா, "இரு, வாசலுக்குப் போயிடறேன்"னு செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போய்த்தான் போன்ல பேசுவாங்க. அலைபேசியில பாடினாலும் வீட்டுக்கு ஆகாதாம்.

இதுவரை 150 பக்கம் முடிஞ்சிருக்கு. பைசா வாங்காம இந்த மாதிரி வேலையை வருஷக்கணக்கா பண்றவங்களை நினைச்சா மலைப்பா இருக்கு. 1998-ல தொடங்கின மதுரைத் திட்டம் முதல்ல மயிலை மாதிரி எழுத்துரு, அப்புறம் திஸ்கி, அப்புறம் யூனிகோடுன்னு ஒவ்வொரு தடவையும் தன்கிட்ட இருந்த நூல்களைத் தூக்கிட்டு அடுத்த வீட்டுக்குக் குடிபோயிருக்கு. பெரியப்பா கோப்புக்கு அப்படி ஒரு ஆள் இல்லை, அதான் ஒரே தாவா இருபது வருஷத்தைத் தாண்ட வேண்டியதாப் போச்சு.

நான் வெச்சிருக்கறது, யுடிஎஃப்-8 எழுத்துக் கோப்பு, பிடிஎஃப், மூல பேஜ்மேக்கர் கோப்பு, எழுத்துரு, 170 வரி அட்டவணை. அட்டவணையைத்தான் முக்கியமா நினைக்கிறேன். நிரல் போனாலும் அதை வெச்சு எவனும் திரும்ப எழுதிடலாம். நாலு கேசட்டையும் தனியா கணினியில ஏத்தியாச்சு, ஒண்ணுல பாட்டுக்கு நடுவுல ஆடு கத்துது. முடிஞ்சதும் பத்துப் பிரதி காகிதத்துல அடிச்சுக் கட்டப்போறேன்.

படிக்க முடியாமப் போன அந்த நாலஞ்சு கிலோபைட் நாலாவது இயலுக்கு நடுவுல விழுந்திருக்கு. சிடியில அந்தக் கோப்பு இருந்துச்சு, ஆனா சிடியோட மேல்பூச்சு உரிஞ்சு போச்சு. புரூஃப் அறுபதாம் பக்கத்தோட முடிஞ்சிடுது. போனது மூணு ஒப்பாரி. பாடினவங்க பேரும் ஊரும் பொருளடக்கத்துல இருக்கு. அந்தப் பொங்கல் லீவுக்கு அந்த ஊருக்குப் போய்ட்டு வரலாம்னு பெரியம்மா சொல்றாங்க. மகளோ மருமகளோ யாராவது இருப்பாங்களாம், கேட்டுப் பாக்கலாமாம்.

டிஸ்கி: (இது அந்தத் திஸ்கி இல்லை :-)) உங்க வீட்டுப் பரண்ல, அப்பா கடையில இந்த மாதிரி தமிழ்க் கோப்பு இருந்தா, கோப்பை மட்டும் நகல் எடுக்காதீங்க, விண்டோஸ் எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து எடுங்க. அச்சடிச்ச பக்கம் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் அதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடாதீங்க.